இறக்கம் எந்தப் பட்டன்?

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கத்தில் ஓடப் பழகுகிறவர்களுக்குச் சமதரை கிடைப்பதுதான் பெரும்பாடு. பாடசாலை மைதானம் இருக்கிறது. அதுவும் மலையை வெட்டி நிரவிய மைதானம்தான். மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தை ஒட்டிக் கொஞ்சத் தூரம் தட்டையாக ஓடலாம். மற்றபடி வாசலைத் தாண்டினால் ஒன்று ஏத்தம், இல்லையென்றால் இறக்கம். நுவரெலியாக்காரர்களுக்குக் கிரகரி வாவியைச் சுற்றிப் பாதை உண்டு, குதிரைப் பந்தயத் திடல் உண்டு. நமக்கு இருப்பது ஏ7 வீதி. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிற பஸ்களும் லொறிகளும் முடக்குகளில் ஒன்றையொன்று முந்துகிற வீதியில் ஓரமாக ஓடுவதற்குத் துணிச்சல் மட்டும் இருந்தால் போதாது.

அதனால் டவுனில் ஜிம் வந்து, அதில் ட்ரெட்மில்லும் வந்தபோது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். நான் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிற ஆசிரியை. 1500 மீற்றர், 3000 மீற்றர், மரதன் என்று தூர ஓட்டத்துக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துவது என் வேலை. நானும் ஓடுகிறேன். ஆகவே சக ஆசிரியைகள், பெற்றோர், கொழும்பில் வேலை செய்கிற பழைய மாணவர்கள் என்று எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "டீச்சர், ட்ரெட்மில்லுல ஓடுறது நல்லதா, ரோட்டுல ஓடுறது நல்லதா?" ஆசிரியர் அறையில் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை இது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ட்ரெட்மில்லைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். விடிய ஐந்து மணிக்கு இருட்டில் தனியாக ரோட்டில் இறங்கி ஓட அவர்களால் முடியும். ஒரு பெண் அப்படி ஓடினால் என்ன நடக்கும் என்று எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். ஆட்டோ ஒன்று வேகத்தைக் குறைத்துக் கூடவே வரும். கடைக்கு முன்னால் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். லயத்து நாய்கள் வேறு. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் என்றால் சிறுத்தைப் பயமும் உண்டு. இதையெல்லாம் சமாளித்து ஓடுகிற பெண்களை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் கதவைச் சாத்திய அறைக்குள், யாருடைய பார்வையும் படாமல், முழு மூச்சையும் கொடுத்து ஒரு பெண் ஓடுவதற்கு அந்த இயந்திரம் இடம் கொடுக்கிறது என்றால் அது சின்ன விஷயம் இல்லை. பிள்ளை பெற்ற பிறகு மறுபடி ஓடத் தொடங்கிய ஒரு அக்கா எனக்குத் தெரியும். அவர் அந்த இயந்திரத்தில்தான் தொடங்கினார். வேறு வழி அவருக்கு இருக்கவில்லை.

மழையையும் சொல்ல வேண்டும். மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் எங்கள் பக்கத்தில் நாள் கணக்காகத் தூறிக்கொண்டே இருக்கும், நடுவில் கொட்டும். தோட்டத்து ரோட்டில் சேறு, புல்லில் அட்டை, மண்மேடு எப்போது சரியும் என்று தெரியாத முடக்குகள். மண்சரிவு எச்சரிக்கை வந்திருக்கிற நாளில் பிள்ளைகளை மலை ரோட்டுக்கு அனுப்புகிற ஆசிரியர் என்னைப் பொறுத்தவரை ஆசிரியரே இல்லை.

அப்புறம், "ட்ரெட்மில்லில் ஓடுவது ஓட்டமே இல்லை, பெல்ட்தான் காலை இழுத்துக்கொண்டு போகிறது" என்று ஒரு பேச்சு. படித்தவர்களும் சொல்கிறார்கள். பெளதிகப்படி இது பிழை. ஒரே வேகத்தில் போகிற கோச்சிக்குள் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நடக்கிறீர்கள் என்று வையுங்கள். தரையில் நடப்பதற்கும் அதற்கும் உங்கள் காலுக்கு வித்தியாசம் இருக்காது. கோச்சி வேகம் கூட்டும்போதும் பிரேக் போடும்போதும்தான் தள்ளாடுவீர்கள். ட்ரெட்மில் பெல்ட்டும் ஒரே வேகத்தில் போகிறவரை அப்படித்தான். ஒவ்வொரு அடியிலும் உங்கள் உடம்பை நீங்கள்தான் தூக்கி நிறுத்துகிறீர்கள். சாய்வு கொடுத்தால் நீங்கள்தான் ஏறுகிறீர்கள். உடம்பு இருந்த இடத்திலேயே இருந்தாலும், கீழே போய்க்கொண்டிருக்கிற பெல்ட்டை விட்டு ஒவ்வொரு அடியிலும் மேலே போக வேண்டியிருக்கிறது. மூச்சு வாங்குவது பொய் இல்லை.

இல்லாமல் போவது காற்று மட்டும்தான். ரோட்டில் ஓடும்போது முன்னால் இருக்கிற காற்றை நெஞ்சால் தள்ளிக்கொண்டு ஓடுகிறோம். அறைக்குள் அந்த வேலை இல்லை. இதைச் சரிக்கட்ட 1 சதவீதம் சாய்வு, அதாவது நூறு மீற்றருக்கு ஒரு மீற்றர் ஏத்தம், வைக்க வேண்டும் என்று எல்லா ஜிம்களிலும் சொல்வார்கள். ஜோன்ஸ், டவுஸ்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996 இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த கணக்கு அது. அவர்கள் பரிசோதித்தது பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை, மணிக்கு ஏறக்குறைய 10.5 இலிருந்து 18 கிலோமீற்றர் வரையான வேகங்களில். வேகம் கூடக்கூடத்தான் காற்றின் தடையும் கூடும். மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீற்றரில் ஓடுகிற ஒருவருக்கு அந்த 1 சதவீதம் பெரிய காரியம் இல்லை. அதோடு நாம் இருப்பது மலையில். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தள்ள வேண்டிய காற்றே கொஞ்சம் மெலிந்துதான் இருக்கிறது. ஆகவே தொடங்குகிறவர்களிடம் சாய்வைப் பூச்சியத்திலேயே வையுங்கள், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற பழைய இயந்திரங்கள் சில, வேகத்தை மைலில் காட்டும். 6 என்று காட்டினால் அது மணிக்கு ஆறு மைல், அதாவது கிட்டத்தட்ட 9.7 கிலோமீற்றர். அது தெரியாமல் ஆறு கிலோமீற்றர்தானே என்று ஏறி நின்ற ஒரு சின்னப் பையன் திணறியதைப் பார்த்திருக்கிறேன். காட்டுகிற வேகம் சரிதானா என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தையல்காரர் வைத்திருக்கிற அளவுநாடாவால் பெல்ட்டின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். பெல்ட்டில் சோக்கால் ஒரு கோடு போட்டு, அது 50 சுற்றுச் சுற்ற எவ்வளவு நேரம் என்று பாருங்கள். சுற்றளவு 3 மீற்றர் என்றால் 50 சுற்று 150 மீற்றர். மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் அதற்கு 54 செக்கன் பிடிக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் இயந்திரம் காட்டுவது பிழை. யாராவது ஏறி ஓடிக்கொண்டிருக்கும்போது அளப்பது நல்லது, ஆள் பாரத்தில் சில பெல்ட்கள் மெதுவாகும். எங்கள் ஜிம் பையன்கள் இதை ஆர்வமாகச் செய்தார்கள்.

வியர்வை பற்றி ஒரு வார்த்தை. வெளியே 16 பாகை குளிர்தானே, உள்ளே என்ன சூடு என்று நினைக்க வேண்டாம். நாம் முன்னால் போகும்போது மேலில் படுகிற காற்றுத்தான் வியர்வையை உலர்த்துகிறது. ட்ரெட்மில்லில் நாம் எங்கேயும் போவதில்லை. மலைநாட்டு ஜிம்களில் குளிருக்குப் பயந்து யன்னலையும் சாத்திவிடுவார்கள். பத்து நிமிடத்தில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும், ஓடுகிறவரின் இதயம் ரோட்டில் அடிப்பதைவிடக் கூட அடிக்கும். ஒரு மின்விசிறியை முகத்துக்கு நேரே வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கரண்ட் போனால் என்ன செய்வது? உடுப்பில் மாட்டிக்கொள்கிற அந்தச் சிவப்புக் கயிறும் கிளிப்பும் அதற்குத்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் அது நாம் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்துவதற்கு. கரண்ட் போனால் பெல்ட் நிற்கும், உடம்பு நிற்காது. அந்த ஒரு கணத்துக்குக் கை எட்டுகிற தூரத்தில் பிடி இருக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜிம்மில் இயந்திரங்கள் சும்மா கிடந்தன. பெற்றோல், டீசல் இல்லாமல் ஏ7 வீதியில் வாகனமும் குறைந்திருந்தது. அந்த மாதங்களில் சென் கிளேயர் நீர்வீழ்ச்சி தெரிகிற முடக்கு வரைக்கும் பிள்ளைகளோடு ஓடினேன். நாடு அப்படிக் கஷ்டப்பட்ட நேரத்தில் எங்களுக்கு ரோடு கிடைத்தது என்று நினைக்கும்போது இன்றைக்கும் மனது சங்கடப்படுகிறது.

வேகத்தைப் பழக்குவதில் ட்ரெட்மில்லுக்கு நிகரான ஆசிரியர் இல்லை. எங்கள் பிள்ளைகளின் பெரிய குறை, விசில் ஊதியதும் நூறு மீற்றர் ஓட்டம் மாதிரிப் பாய்ந்துவிடுவது. மூன்றாவது சுற்றில் முகம் வெளுத்துவிடும். பெல்ட்டை மணிக்கு 12 கிலோமீற்றரில் வைத்தால் ஒரு கிலோமீற்றருக்கு 5 நிமிடம், கூடவும் முடியாது குறையவும் முடியாது. அந்த வேகத்தில் மூச்சு எப்படி இருக்கும், கை எப்படி ஆடும் என்று உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்கிறது. 2000 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒலிம்பிக் மரதனுக்கான பெண்கள் தெரிவுப் போட்டியில் வென்றவர் கிறிஸ்டின் கிளார்க். அலாஸ்காவில் வாழ்ந்த வைத்தியர், இரண்டு பிள்ளைகளின் தாய். அங்கே மாதக்கணக்கில் பனி உறைந்து கிடக்கும் என்பதால் பெரும்பாலும் ட்ரெட்மில்லில்தான் பயிற்சி செய்தார். அவர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆகவே இயந்திரத்தில் ஓடினால் முன்னுக்கு வர முடியாது என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, இவ்வளவு நல்லது என்றால் ரோடு எதற்கு?

ஒரு மழை நாளில் தரம் 10 மாணவி ஒருத்தியை ஜிம்முக்குக் கூட்டிப்போனேன். தோட்டத்தின் மேல்பிரிவிலிருந்து வருகிற பிள்ளை. பாடசாலைக்கு வரும்போது முழுக்க இறக்கம், வீட்டுக்குப் போகும்போது முழுக்க ஏத்தம். முதல் தடவையாக ட்ரெட்மில்லில் ஏறினாள். கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது. சாய்வை 5 ஆக்கினேன், 8 ஆக்கினேன், சிரித்துக்கொண்டே ஏறினாள். நிறுத்தி இறங்கியதும் தரை தன்னை முன்னுக்குத் தள்ளுகிற மாதிரி இருக்கிறது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அது எல்லாருக்கும் வருவது. கால் ஓடியும் கண்ணுக்கு முன்னால் எதுவும் நகராததற்கு மூளை பழகிவிடுகிறது, இறங்கி நடந்தால் வேகமாகப் போவது போலத் தோன்றும், சில நிமிடத்தில் சரியாகிவிடும். அப்புறம் பட்டன்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"டீச்சர், இதுல எறக்கம் எந்தப் பட்டன்?"

அப்படி ஒரு பட்டன் அந்த இயந்திரத்தில் இல்லை. விலை கூடிய சில இயந்திரங்களில் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்க்கலாம், அதுவும் மூன்று சதவீதம் போல. நம் ஊர் ஜிம்களில் இருப்பவை மேலே மட்டும் ஏறும்.

அந்தப் பிள்ளையின் கேள்விதான் எனக்கு இந்த விஷயத்தின் மையம். அவளுடைய ஒவ்வொரு நாளிலும் பாதி இறக்கம். அவள் ஓடப்போகிற வீதி ஓட்டத்திலும் பாதி இறக்கம். அந்தப் பாதியை இயந்திரம் தொடவே இல்லை.

என் அப்பாவுக்கு ஒருமுறை கண்டியில் இதயப் பரிசோதனை செய்தார்கள். நெஞ்சில் வயர்களை ஒட்டி ட்ரெட்மில்லில் நடக்கவிடுகிற பரிசோதனை. புரூஸ் என்ற அமெரிக்க இதயநோய் நிபுணர் வகுத்த முறை அது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சாய்வும் கூடும். தொடக்கமே 10 சதவீதம், பிறகு 12, பிறகு 14. அப்பா தோட்டத்தில் மலை ஏறி இறங்கியே வயது போனவர், அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. இதயத்தையும் மூச்சையும் பார்க்க ஏத்தம் போதும், அதனால் அந்தப் பரிசோதனையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இறங்கும்போது வேலை செய்வது இன்னொரு இடம்.

சிவனொளிபாத மலைக்குப் போனவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2,243 மீற்றர் உச்சி. நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து ஏறினால் ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரம் படியிலேயே ஏற வேண்டும். ஏறும்போது மூச்சு முட்டும், நெஞ்சு அடிக்கும், நின்று நின்று ஏறுவோம். உச்சியில் மணி அடித்துச் சூரியோதயம் பார்த்தவுடன் கஷ்டம் முடிந்துவிட்டது என்று நினைப்போம். இறங்கத் தொடங்கிப் பாதி வழியில்தான் முழங்காலுக்கு மேலே தொடை நடுங்கத் தொடங்கும். அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் பஸ் படியில் இறங்கக் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில்தான் இறங்க முடியும். ஏறியதனால் வந்த வலி என்று எல்லாரும் சொல்வார்கள். இறங்கியதனால் வந்தது அது.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் உடம்பு கீழே விழப் பார்க்கிறது, தசை அதைப் பிடித்து நிறுத்துகிறது. அப்படி நீண்டபடி தாங்கும்போது தசை நாரில் நுண்ணிய சேதம் ஏற்படும். வலி அன்றைக்கே தெரியாது, ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். "லக்டிக் அமிலம் தேங்கி நிற்கிறது" என்று பாடசாலைகளில் இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த அமிலம் ஓடி முடித்து ஒரு மணித்தியாலம் போலானாலே இரத்தத்திலிருந்து அகன்றுவிடும். இரண்டாம் நாள் வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இதில் ஏமாற்றுகிற விஷயம், இறங்கும்போது மூச்சு வாங்காது. 2002 இல் மினெட்டி என்ற இத்தாலிய ஆய்வாளரின் குழு மலை ஓட்டக்காரர்களை வைத்து அளந்து பார்த்தது. 20 சதவீத இறக்கத்தில் ஓடும்போது செலவாகும் சக்தி, சமதரையில் ஓடுவதில் ஏறக்குறைய பாதிதான். மூச்சைக் கேட்டால் சுகம் என்று சொல்லும், தொடையைக் கேட்டால் வேறு சொல்லும். ஆகவே மூச்சை வைத்து இறக்கத்தை மதிப்பிடக் கூடாது.

உலகத்தில் பெரிய போட்டிகளிலும் இதுதான் கதை. பொஸ்டன் மரதன் தொடங்குகிற இடத்துக்கும் முடிகிற இடத்துக்கும் ஏறக்குறைய 140 மீற்றர் வித்தியாசம், கீழ்நோக்கி. 2011 இல் ஜெஃப்ரி முட்டாய் அங்கே 2 மணி 3 நிமிடம் 2 செக்கனில் ஓடினார். அதுவரை யாரும் ஓடாத வேகம். ஆனாலும் உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. கிலோமீற்றருக்கு ஒரு மீற்றருக்கு மேல் இறங்குகிற பாதையில் சாதனை செல்லாது என்பது விதி, தொடக்கமும் முடிவும் அவ்வளவு தள்ளி இருக்கக் கூடாது என்றும் ஒரு விதி. இறக்கம் உதவும் என்று விதியே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதே பொஸ்டனில் முற்பாதி இறக்கத்தில் தொடையைச் செலவழித்துவிட்டுப் பிற்பாதி ஏத்தங்களில் நடக்கிறவர்களும் ஏராளம். அங்கே 42 கிலோமீற்றரில் இறங்குகிற உயரத்தை நம் தோட்டத்து ரோட்டில் இரண்டு கிலோமீற்றரில் இறங்கிவிடலாம். அப்படிப்பட்ட இடத்தில் பிறந்து வளர்ந்துவிட்டு, பயிற்சி என்று வரும்போது ஏறுகிற இயந்திரத்தோடு நின்றுவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இறங்குவது எப்படி என்று எனக்கு முதலில் சொல்லித்தந்தது எந்தப் பயிற்சி நெறியும் இல்லை, அம்மா. அம்மா கொழுந்து எடுத்தவர். தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமந்த காலத்திலிருந்து சாக்கு கட்டிய காலம் வரை அதே மலைகளில் நின்றவர். மழையில் எடுத்த கொழுந்து, தண்ணீர் சேர்ந்து கனக்கும். அந்தப் பாரத்தோடு, இடுப்பில் ஈரப் படங்கோடு, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் கான்களை, அதாவது வடிகால்களை, தாண்டிக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு இறங்க வேண்டும். கான் ஓரத்துக் கல்லில் பாசி பிடித்திருக்கும். அம்மா இறங்குவதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். நேராக இறங்க மாட்டார். செடி வரிசையை ஒட்டிச் சாய்வாகப் போய்த் திரும்பி மறுபடி சாய்வாக வருவார். அடி சின்னதாக இருக்கும், முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருக்கும். என் கையைப் பிடித்து இறக்கும்போது சொல்வார்: "ஒடம்ப பின்னால சாய்க்காத புள்ள. பின்னால சாஞ்சா வழுக்கிரும்."

ஓட்டக்காரருக்கும் அதுவேதான். பயத்தில் பின்னால் சாய்ந்தால் கால் உடம்புக்கு முன்னால் போய்க் குதிகாலில் இடிக்கும், ஒவ்வொரு இடியும் முழங்காலுக்குப் போகும், ஈரத் தரையில் சறுக்கும். உடம்பைச் சரிவோடு லேசாக முன்னுக்குக் கொடுத்து, அடியைச் சின்னதாக்கி, கால் உடம்புக்கு நேர் கீழே விழும்படி வேகமாக எடுத்து வைக்க வேண்டும். கைகளைக் கொஞ்சம் அகட்டி வைத்தால் சமநிலை கிடைக்கும். பார்வை காலடியில் இருக்கக் கூடாது, நாலைந்து அடி தள்ளி அடுத்து எங்கே மிதிக்கப்போகிறோம் என்று பார்க்க வேண்டும். மேலே சொன்ன மாணவி மேல்பிரிவு முடக்குகளில் இறங்குவதைக் கீழே நின்று பார்த்தால் அழகாக இருக்கும். கொங்கிரீட் உடைந்து கல் பெயர்ந்த இடம் வந்ததும் அடி இன்னும் பொடியாகும். முடக்கில் வெளிப்பக்கம் போகாமல் உள்ளே ஒட்டித் திரும்புவாள். மடுவத்துக்கு முன்னால் சிந்திய கொழுந்து ஈரத்தில் மிதிபட்டுக் கிடக்கும், அந்த இடத்தில் மட்டும் ஓரத்துக்கு விலகிப் புல்லில் மிதிப்பாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த முடிவுகளை எடுக்க ட்ரெட்மில்லில் அவளுக்கு வேலையே இல்லை. அங்கே எல்லா அடியும் ஒரே அடி. கணுக்காலுக்கு அது ஓய்வு, அதுவே கணுக்காலுக்குப் பயிற்சிக் குறைவும்.

ஆகவே இப்போது பிள்ளைகளுக்கு இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறேன். வேகத்தைப் பிடித்து ஓடுகிற நாள் மைதானத்தில், மழை என்றால் ட்ரெட்மில்லில். ஏத்தம் இரண்டிலும் செய்யலாம். இறக்கத்துக்குக் கட்டாயம் ரோடு. கிழமைக்கு ஒருமுறை போதும், அதற்கு மேல் வேண்டாம். முதல் தடவை மெல்லிய சரிவில் சில நிமிடம் மட்டும், அதுவும் மெதுவாக. அடுத்த நாள் படிக்கட்டில் தொடை வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், இல்லையென்றால் வீட்டில் பயந்துவிடுவார்கள். தசைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒருமுறை அந்த வேலையைச் செய்து ஆறிவிட்டால், அடுத்தமுறை அதே இறக்கத்தில் வலி வெகுவாகக் குறைந்துவிடும். அந்தப் பாதுகாப்பு வாரக்கணக்கில் நிற்கும். அதனால் போட்டிக்கு முந்திய வாரத்தில் கடுமையான இறக்கம் ஓடவிடுவதில்லை. போட்டிக்கு இரண்டு, மூன்று வாரம் முன்னால் முடித்துவிடுகிறேன். முழங்காலில் ஏற்கெனவே வலி இருக்கிற பிள்ளையை இறக்கத்தில் ஓடவிடவே மாட்டேன், வைத்தியரிடம் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும்.

பெண்கள் கேட்டால் இன்னொன்று சொல்கிறேன். தனியாக ரோட்டுக்குப் போக மனம் வரவில்லை என்றால் இயந்திரத்தை விட வேண்டாம். ஆனால் இறக்க நாளுக்கு மட்டும் நாலு பேர் சேர்ந்துகொள்ளுங்கள். எங்கள் ஊரில் ஆசிரியைகள், தாதியர், கடையில் வேலை செய்கிற தங்கைகள் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து தோட்டத்து ரோட்டில் நடந்து ஏறி மெல்ல ஓடி இறங்குகிறோம். கூட்டமாகப் போனால் நாயும் குரைத்துவிட்டு நின்றுவிடும், ஆட்டோவும் நிற்காமல் போய்விடும். கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு 22 கட்டங்களாகப் பெக்கோ பாதை என்று போட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் பணம் செலவழித்து வந்து நடப்பது நம் வீட்டுக்குப் பின்னால் போகிற தோட்டத்து ரோடுகளில்தான். நம் பெண்களுக்கும் அதில் நடக்கவும் ஓடவும் உரிமை இருக்கிறது.

கொழும்பிலிருந்து என் பழைய மாணவர்கள் சிலர் வருகிற பருவத்தில் சிவனொளிபாத மலைக்கு வருவதாகச் சொல்லி, ஜிம்மில் ட்ரெட்மில்லை 15 சதவீதத்தில் வைத்து ஏறிப் பழகுகிறார்கள். 15 சதவீதத்தில் ஏழு கிலோமீற்றருக்குள்ளேயே 1,000 மீற்றர் ஏறிவிடலாம், மூச்சுக்கு அருமையான பயிற்சி, தொடர்ந்து செய்யுங்கள். அதோடு இதையும் செய்யுங்கள். நீங்கள் இருப்பது அடுக்குமாடியில், வேலை செய்வதும் அடுக்குமாடியில். மேலே போக லிஃப்டில் போனாலும் பரவாயில்லை, கீழே வரும்போது படியில் இறங்கி வாருங்கள். முதல் கிழமை மூன்று மாடி, பிறகு ஐந்து, பிறகு முழுக்க. கைப்பிடியை விட்டுவிட்டு, சின்ன அடியாக, முழங்காலை லேசாக மடித்து. நல்லதண்ணிக்கு வருவதற்கு இரண்டு கிழமை முன்னால் கடைசியாக ஒருமுறை நன்றாக இறங்கிவிட்டு, அதற்குப் பிறகு தொடைக்கு ஓய்வு கொடுங்கள்.